ஐந்து மணி நேரம்

கட்டுநாயக்கவிலிருந்து கட்டாரின் தலைநகரான தோஹாவுக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 3,600 கிலோமீற்றர். விமானம் இதனை ஐந்து மணி நேரமளவிற் கடந்துவிடுகிறது. அதே கட்டுநாயக்கவிலிருந்து எங்கள் அட்டாளைச்சேனைக்கு நேர்கோட்டில் அளந்தாற் சுமார் 220 கிலோமீற்றரே வரும். ஆயின் கண்டியைத் தாண்டி, பதினெட்டு வளைவுகளிலும் சுழன்றிறங்கி, மஹியங்கனை, அம்பாறை ஊடாக இரவு பஸ் வந்து சேர எட்டு ஒன்பது மணி நேரம் செல்லும். புகையிரதப் பாதையோ மட்டக்களப்போடு நின்றுவிட்டது.

கோளத்தின் மேல் இரண்டு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் வில்லே என்று புவியியல் விரிவுரையிற் கற்றோம். விமானங்கள் அவ்வில்லை அப்படியே பின்பற்றுவதில்லை. காற்று ஒரு காரணம். வான்பரப்புக்குரிய அனுமதி மற்றொன்று. 2017 ஜூன் மாதத்தில் அயல்நாடுகள் சில கட்டார் விமானங்களுக்குத் தம் வான்பரப்பை மூடியபோது, அவை மூன்றரை ஆண்டுகள் ஈரானின் பக்கமாகச் சுற்றிப் பறக்க வேண்டியதாயிற்று. தூரம் மாறவில்லை, அனுமதிதான் மாறியது.

கடிகாரமும் தன் பங்குக்கு விளையாடுகிறது. தோஹாவின் நேரம் எமது நேரத்துக்கு இரண்டரை மணி பிந்தியது. ஆகவே போகின்றவனுக்குப் பயணம் இரண்டரை மணியாகவும் வருகின்றவனுக்கு ஏழரை மணியாகவும் தோன்றும். வெறுந் தோற்றமே எனினும், எங்களூர் உம்மாமாருக்கு இது மெய்யென்றே படும்.

என் காக்கா தோஹாவிலே தொழில் பார்ப்பவர். 2022 ஆம் ஆண்டில் ஒருநாள், சுபஹுத் தொழுகை முடிந்த வேளையில் உம்மம்மா வபாத்தானார். காக்காவைத் தூக்கி வளர்த்தவர் அவர்தாம். அஸருக்குப் பின் நல்லடக்கம் என்று முடிவாயிற்று. ஜனாஸாவைத் தாமதிப்பது எங்களிடம் வழக்கமில்லை. இடையில் இருந்தவை பதினொரு மணித்தியாலங்கள். விமானத்துக்கு ஐந்து, தரைவழிக்கு ஒன்பது என்று மாமா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அக்கணமே புறப்பட்டாலும் இயலாது. காக்காவோ புறப்படும் நிலையிலும் இல்லை. விடுமுறைக்கான அனுமதி கிடைக்க வேண்டியிருந்தது. “எனக்காக வைக்க வேண்டாம், உம்மா” என்று தொலைபேசியிற் சொன்னார். அதற்குமேல் அவராற் பேச முடியவில்லை.

அனுமதி மறுநாட் பிற்பகலிற் கிடைத்தது. அன்றிரவே விமானம் ஏறினார். விடியுமுன் கட்டுநாயக்கவில் இறங்கியவர், மூன்றாம் நாட் பிற்பகலில்தான் ஊரை அடைந்தார். ஐந்து மணி நேரப் பயணத்துக்கு ஏறக்குறைய மூன்று பகல் சென்றிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர் வீட்டுக்கு வரவில்லை. பையுடன் நேரே மையவாடிக்கு நடந்தார். ஈரம் உலராத அந்த மண்மேட்டை நான் காட்டினேன். உம்மா சோற்றை மூடிவைத்துவிட்டு வாசலிற் காத்திருந்தார்.