பட்டிக்கு அடியில்



மதரஸாவில் பாடம் நடத்துபவருக்குப் பழைய கார் எதற்கு என்று நம்மைக் கேட்காதவர்கள் ஊரில் குறைவு. மர்ஹூம் அத்தா அவர்கள் கும்பகோணத்தில் வாடகைக்கு ஓட்டிய வண்டி பிரீமியர் பத்மினி. நம் மூத்த சகோதரியின் நிக்காஹ் செலவுக்காக அதை விற்றார்கள். சாவியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, அஸர் தொழுகைக்கு அவர்கள் நடந்தே போன காட்சி இன்னும் நம் கண்ணில் நிற்கிறது. நாற்பதைக் கடந்த பிறகு அதே போன்றதொரு வண்டி, 1986ஆம் ஆண்டுடையது, திருச்சியில் விலைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டபோது, சேமிப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

இளையவர்களுக்காக ஒரு சொல். இத்தாலியின் ஃபியட் 1100 வழியில் வந்த வண்டி அது. மும்பை குர்லாவில் தயாரானது. 1089 சிசி என்ஜின், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர். பின்னர் உற்பத்தி நின்றது. மும்பையில் கறுப்பு மஞ்சள் டாக்சிகளாக ஓடியவையும் 2023 அக்டோபருடன் விடைபெற்றுவிட்டன. மிக எளிய இயந்திரம். ஒரு ஸ்பேனர் செட்டும் பொறுமையும் இருந்தால் பெரும்பாலானவற்றைத் தெருவோரத்திலேயே சரிசெய்துவிடலாம். கெடுப்பதும் அதே அளவு எளிது என்பது நமக்குப் பிறகுதான் தெரிந்தது.

வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் மனம் மயங்கியது உண்மை. பால் நிறத்தில் புதுப் பெயிண்ட். இருக்கைகளுக்குப் புது உறை. கால்மிதியில் புதுக் கம்பளம். பிரேக்கை அழுத்தினால் வண்டி சற்று வலப்பக்கம் இழுத்தது. கேட்டதற்கு, "பழைய வண்டிங்க அப்படித்தான் ஹஜ்ரத், ஓட்ட ஓட்டப் பழகிடும்" என்றார் விற்றவர். பழகியும்விட்டது. அதுதான் பயங்கரம்.

ஐப்பசி மழையில்தான் முதல் குட்டு உடைந்தது. பின்னிருக்கையின் கீழே தண்ணீர் தேங்கி நின்றது. கம்பளத்தை உரித்தால் அடியில் தாரைப் பூசிய ஒரு தகரத் துண்டு. அதைப் பெயர்த்தால் கீழே நம் வீட்டு முற்றத்தின் சிமெண்டுத் தரை தெரிகிறது! துருவை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டிய இடத்தில், எண்ணெய் டின்னை வெட்டி ஒட்டவைத்திருந்தார்கள். டிங்கர் வேலை செய்யும் பெரியவர் ஒரு சிறு காந்தத்தைக் கொண்டுவந்து வண்டியின் பக்கவாட்டில் ஓட்டிக்காட்டினார். சில இடங்களில் ஒட்டியது. பல இடங்களில் வழுக்கிக் கீழே விழுந்தது. விழுந்த இடமெல்லாம் பட்டி. ஓரிடத்தில் பட்டியைச் சுரண்டியபோது, ஓட்டையை அடைக்கத் திணித்திருந்த செய்தித்தாள் நனைந்து கூழாக வெளியே வந்தது.

தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது, மேலே காய்ந்திருக்க உள்ளே ஈரம் தட்டுப்பட்ட சம்பவத்தை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். அந்த ஈரத்தை விரலால் தொட்டறிந்தது அன்றுதான்.

அதன்பின் வண்டியை முழுமையாகப் பார்த்துவிடுவது என்று மெக்கானிக் அண்ணனிடம் விட்டோம். டேஷ்போர்டுக்கு அடியில் அவர் கைவிளக்கைக் காட்டியபோது, குருவிக் கூட்டைக் கலைத்தாற்போல் ஒயர்கள் தொங்கின. தொழிற்சாலையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு நிறமாகப் போட்டிருந்ததை அறுத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு ஒயர். இணைப்புகளில் செல்லோடேப். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். எங்காவது கோளாறு என்றால் தான் உருகி ஒயரைக் காப்பதுதான் ஃபியூஸின் வேலை. வெள்ளித்தாள் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்காது, ஒயர்தான் எரியும். "இப்படியும் ஒரு மனிதன் செய்வானா?" என்று நாம் சற்று உரக்கவே பேசினோம்.

அண்ணன் அடுத்த ஃபியூஸையும் கழற்றினார். அதிலும் வெள்ளித்தாள். நாம் வாயைத் திறப்பதற்குள், அருகில் நின்ற நம் மகன், "அத்தா, அது நீங்க வச்சது. நாகூர் போறப்ப, ஹாரன் அடிக்கலன்னு" என்றான்.

உண்மைதான். சின்னம்மா வீட்டுக்குப் போகும் வழியில், சூயிங்கம் உறையைச் சுற்றி நாமேதான் வைத்தோம். ஊர் திரும்பியதும் மாற்றிவிடலாம் என்று நினைத்தோம். அண்ணன் சிரிக்கவில்லை, அதற்காகவே அவர்மீது மரியாதை கூடியது.

பின்பக்க இடது சக்கரத்தின் டிரம்மைக் கழற்றியபோதுதான் அவருடைய முகம் மாறியது. வீல் சிலிண்டர் துருவேறி இறுகிப்போயிருந்தது. அதற்கு எண்ணெய் கொண்டுவரும் பிரேக் குழாய் வெட்டப்பட்டு, நுனி நசுக்கி மடிக்கப்பட்டிருந்தது. சிலிண்டர் ஒழுகியிருக்கிறது, அதை மாற்றுவதற்குப் பதில், அந்தச் சக்கரத்துக்குப் பிரேக்கே வேண்டாம் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். வண்டி வலப்பக்கம் இழுத்ததன் காரணம் அதுதான். நம் சாலைகளில் வலப்பக்கம் என்றால் எதிரே வரும் பேருந்தின் பக்கம்.

வீட்டில் சொன்னபோது மனைவி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பிள்ளைங்க மூணு பேரையும் ஏத்திக்கிட்டுத்தானேங்க நாகூர் போனோம்" என்றார்கள். அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் விற்றவருக்குத் தொலைபேசியில் பேசினோம். "நான் வாங்குறப்பவே அப்படித்தான் இருந்திருக்கும் ஹஜ்ரத். வண்டி ஓடுச்சா இல்லையா? உள்ளது உள்ளபடின்னு எழுதித்தானே கையெழுத்துப் போட்டீங்க?" என்றார். அப்படி எழுதியிருந்தது மெய்தான். எல்லாக் குறைகளிலிருந்தும் விற்பவர் பொறுப்பு நீங்கியவர் என்று நிபந்தனையிட்டு விற்பதை ஹனஃபி மத்ஹபு ஏற்கிறது; ஷாஃபிஈ மத்ஹபு அதை மிகக் குறுகிய எல்லைக்குள் மட்டுமே ஏற்கிறது. ஆயினும் தெரிந்த குறையை மறைப்பது பாவம் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. மறுபுறம், குறையை அறிந்த பின்னும் வாங்கியவர் பொருளைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால், திருப்பித்தரும் உரிமையை அவர் இழந்துவிடுகிறார் என்பதும் அதே பாடத்தில்தான் வருகிறது. இழுப்பது நமக்கு முதல்நாளே தெரியும். இரண்டு மாதங்கள் ஓட்டினோம். அறுத்த குழாயைப் பற்றி அறிந்திருக்கவில்லைதான். ஆனால் ஏன் இழுக்கிறது என்று கழற்றிப்பார்க்கவும் இல்லை. பேச்சை நீட்டாமல் ஸலாம் கூறி முடித்துக்கொண்டோம். கோபம் தீர்ந்தது என்று சொன்னால் பொய்.

புதுச் சிலிண்டரும் குழாயும் சென்னை புதுப்பேட்டையிலிருந்து வந்தன. நான்கு சக்கரங்களின் ரப்பர்களையும் மாற்றியாயிற்று. ஒயரிங் முழுவதும் புதிது. டிங்கரிங்குக்கு மட்டும் இரண்டு மாதச் சம்பளம் போயிற்று. அதுவும் பாதி வேலைக்குத்தான்.

இதற்கிடையே ஒருவர் வண்டியை விலைக்குக் கேட்டு வந்தார். நாம் கொடுத்ததைவிட நல்ல தொகை. மேற்பூச்சைத் தடவிப்பார்த்து மகிழ்ந்துபோனார். பணமும் தேவைதான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், வாய் திறக்காமல் நின்றோம். பிறகு உள்ளே சென்று காந்தத்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தோம். இடது கதவின் கீழே அது இரண்டு முறை நழுவி விழுந்தது. தேநீர் அருந்திவிட்டு, யோசித்துச் சொல்வதாகக் கூறிப் போனார், இதுவரை சொல்லவில்லை.

டேஷ்போர்டு பெட்டிக்குள் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. செய்த வேலைகள் தேதியோடு ஒருபுறம். செய்யாமல் கிடப்பவை மறுபுறம். சூயிங்கம் உறை முதல் பக்கத்திலேயே இருக்கிறது, மகன்தான் எழுதினான். இடது கதவுத்தூணை விரலால் தட்டினால் இன்னும் மொத்தென்றுதான் கேட்கிறது. மழை விட்டதும் பிரித்துப்பார்க்கலாம் என்கிறார் டிங்கர் பெரியவர்.