தம்பானூரிலிருந்து ஒரு கேமரா தூரம்

ஏரிப் பறவை, மலைப் பனி, பாம்புப் படகு, திராட்சைப் பந்தல். திருவனந்தபுரத்தின் ஒரு பஸ் நிலையத்திலிருந்து கிளம்பும் கேமராக்காரர்கள் எல்லா இடத்திலும் சந்திப்பது ஒரே கேள்வியைத்தான்.

விடிவதற்கு முன்பே தம்பானூர் விழித்துக்கொள்கிறது. சாலையின் ஒரு பக்கம், 1931ல் ரயில் வந்து சேர்ந்த நிலையம். எதிரே கேரள அரசு பஸ் நிலையம். அதையொட்டி லாரி பேக்கர் வடிவமைத்த செந்நிற உருளைக் கட்டடம்: இந்தியன் காபி ஹவுஸ். உள்ளே மாடிப்படி கிடையாது. நத்தைக் கூடுபோலச் சுற்றிச் சுற்றி ஏறும் சாய்தளமும், வெளிச்சுவரை ஒட்டி வரிசையாக மேஜைகளும்தான். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வருகிற தமிழர்களுக்கு இது பெரும்பாலும் கடந்துபோகிற இடம். பத்மநாபசுவாமி கோயிலுக்கோ, மருத்துவமனைக்கோ, விமான நிலையத்துக்கோ போகும் வழியில் ஒரு காபி, அவ்வளவுதான்.

தோளில் கேமரா பை தொங்குகிறவர்களுக்கு மட்டும் பயணம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அரை மணியில் நீர்ப்பறவைகள். இரண்டு மணி நேரத்தில் பனி மூடிய மலை. அரை நாளில் படகுப் போட்டி. ஒரு முழு நாளைச் செலவழித்தால் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டித் திராட்சைத் தோட்டம். எங்கே போனாலும் கூடவே வரும் கேள்வி: எவ்வளவு நெருங்கலாம்?

முதல் விடை வெள்ளாயணியில் கிடைக்கிறது. கேரளத்தில் உள்ள மிகச் சில நன்னீர் ஏரிகளில் இது ஒன்று. தம்பானூருக்குப் பக்கத்துக் கிழக்கேகோட்டையிலிருந்து நகரப் பஸ்ஸிலேயே போய்விடலாம். ஏரியைத் தொட்டாற்போல் கிடக்கும் புஞ்சக்கரி வயல்களில் கொக்கு, நாரை, நீர்க்காகம், நீலத் தாழைக்கோழி என்று வகை வகையாகப் பறவைகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசை வருபவையும் சேர்ந்துகொள்கின்றன. மிதக்கும் இலைகள்மேல் தரையில் நடப்பதுபோல நடக்கும் நீளவால் இலைக்கோழிதான் எல்லோருக்கும் பிடித்த நடிகர். இந்தப் பறவையின் குடும்பத்தில் முட்டையிடுவதோடு பெண்ணின் வேலை முடிகிறது. அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆணின் பொறுப்பு. கூடு இருக்கும் இடத்துக்கு மிக அருகில் ஆள் நின்றால் அது முட்டைகளை விட்டு விலகிவிடும். அப்புறம் வெயிலும் காக்கையும் பார்த்துக்கொள்ளும். நல்ல படம் கிடைத்திருக்கலாம். ஒரு தலைமுறை போயிருக்கும்.

இந்தியக் காட்டுயிர்ப் படக்கலையின் முன்னோடிகளில் ஒருவரான மா. கிருஷ்ணன் (1912–1996) இந்த விஷயத்தில் நல்ல ஆசான். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிய கனமான கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார். கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். யானையை எடுத்தால் அது நிற்கும் காடும் படத்தில் இருக்கும். தள்ளி நிற்பதும் ஒரு திறமைதான் என்பதற்கு அந்தப் படங்களே சாட்சி.

மலைக்குப் போனால் கணக்கு வேறு. தம்பானூரிலிருந்து சுமார் 60 கி.மீ. தூரத்தில் பொன்முடி. 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால் புல்வெளி, பாறை, சட்டென்று எல்லாவற்றையும் அழித்துவிடும் பனி. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு இந்தப் பக்கத்துப் பாறை முகடுகளிலும் வாழ்கிறது. பனி விலக மூன்று மணி நேரம் காத்திருந்து, மூன்று நிமிடம் படமெடுத்து, மறுபடி பனிக்குள் மூழ்குவது இங்கே சகஜம். பொறுமை இல்லாதவர்களுக்குக் கீழே இறங்க பஸ் இருக்கிறது.

விளையாட்டுக்கு வடக்கே போக வேண்டும். ஆலப்புழை புன்னமடைக் காயலில் நடக்கும் நேரு கோப்பைப் படகுப் போட்டி, 1952ல் நேரு அங்கே வந்ததிலிருந்து தொடங்கியது. நூறு அடிக்கு மேல் நீளமுள்ள சுண்டன் வள்ளங்களில் நூறு பேருக்கு மேல் துடுப்புப் போடுகிறார்கள். அத்தனை துடுப்பும் ஒரே சமயத்தில் நீரைவிட்டு எழும் கணத்துக்காகக் கரையெங்கும் லென்ஸ்கள் காத்திருக்கும். போட்டியின் உயிர் படகில் மட்டும்தான் இருக்கிறதா என்பதை யோசிக்க வைத்தவர் மலையாள மனோரமாவின் புகைப்படக்காரர் விக்டர் ஜார்ஜ். 1980களில் தில்லியில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் அனிதா சூட் நீந்திக்கொண்டிருந்தபோது, விக்டர் கேமராவைக் குளத்திலிருந்து கேலரிக்குத் திருப்பினார். அங்கே மகளுக்காகத் தவித்து, கத்தி, துள்ளிக்கொண்டிருந்தார் தாய். விக்டரின் பெயரை நாடு அறியச் செய்தவை அந்தப் படங்கள்தான்.

விக்டரின் இன்னொரு காதல் மழை. கேரளத்தின் பருவமழையை ஆண்டுக்கணக்கில் துரத்தித் துரத்தி எடுத்தார். 2001 ஜூலை 9 அன்று இடுக்கி மாவட்டம் வெண்ணியானியில் நிலச்சரிவைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, மற்றொரு சரிவு அவரைக் கொண்டுபோய்விட்டது. மழைப் படங்கள் நூலாக வந்தபோது அவர் இல்லை. ஜூலை மாதத்தில் மலைப் பக்கம் கிளம்பும் கேரளப் புகைப்படக்காரர் எவரும் இந்தப் பெயரை மறந்துவிட முடியாது. மலையின் கோபம் காயல் வரைக்கும் எட்டும். 2024 ஜூலை 30 வயநாட்டுப் பேரழிவுக்குப் பின் அந்த ஆண்டு நேரு கோப்பையே செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிப்போனது.

தம்பானூரில் குமுளி பஸ் பிடித்தால் தேக்கடி. 1895ல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை உண்டாக்கிய ஏரி. நீருக்கு மேலே தலைநீட்டும் பட்ட மரங்கள். கரையில் யானைக் கூட்டம். இங்கே படகில் இருந்துதான் பெரும்பாலோர் படமெடுக்கிறார்கள். 2009 செப்டம்பர் 30ல் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பலரும் ஒரே பக்கமாக நகர்ந்தது காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. அந்த ஏரியில் எழுந்து நின்று எடுக்க வேண்டிய படம் எதுவும் இல்லை.

அதே ஏரியின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தமிழ்நாட்டுக்கு வருகிறது. குமுளியிலிருந்து மலைப்பாதையில் இறங்கினால், மின்நிலையத்துக்கு நீர் கொண்டுபோகும் ராட்சதக் குழாய்கள். அப்புறம் லோயர் கேம்ப், கூடலூர், கம்பம். பச்சைப் பந்தல்கள் இங்கே ஆரம்பிக்கின்றன. 2023ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் ஊர் இது. கொடியைக் கவாத்து செய்து சுமார் நான்கு மாதத்தில் அறுவடை. ஒவ்வொரு தோட்டத்திலும் கவாத்து வேறு வேறு நாளில் நடப்பதால், எப்போது போனாலும் ஏதாவது ஒரு பந்தலில் பழம் தொங்கும். கேரளச் சுற்றுலாப் பயணிகள் குமுளியிலிருந்து வண்டி பிடித்துக் கூட்டம் கூட்டமாக இறங்கி வருவதும் இதனால்தான்.

பந்தலுக்கு அடியில் ஒளி தந்திரக்காரன். உச்சி வெயிலில் முகமெல்லாம் வெள்ளைப் புள்ளி விழும். காலையில் போனால், தலைக்கு மேல் கை தூக்கிக் கத்தரியால் கொத்து வெட்டும் பெண்களும், இலைகளில் போர்டோ கலவை விட்டுப்போன நீலத் திட்டுகளும், கூடை நிரம்பும் அழகும் கிடைக்கும். ஒன்று கவனிக்க வேண்டும். பழுத்த திராட்சைமேல் மெல்லிய சாம்பல் பூச்சு படிந்திருக்கும். பழம் புதிது என்பதற்கு வியாபாரி பார்க்கும் அடையாளம் அதுதான். படத்துக்காகக் கொத்தைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டால் பூச்சு அழிந்துவிடும். கொத்தின் மதிப்பும் இறங்கிவிடும். ஆகவே இங்கேயும் விரல் படாத தூரம்தான் சரியான தூரம். தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போவது நல்லது. திரும்பும்போது ஒரு கிலோ வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.