கண்ணுக்குத் தெரியாத ஊடை

ஆரணிப் பட்டுச் சேலையின் கரையில் ஓடும் மாங்காயை நாம் மாங்காய் என்கிறோம். உலகச் சந்தையில் அதற்குப் பெயர் பெய்ஸ்லி. அது ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்கு மேற்கே உள்ள ஒரு நெசவாளர் ஊரின் பெயர். காஷ்மீரத்துச் சால்வையில் இருந்த உருவை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஊர்த் தறிக்காரர்கள் பார்த்து நெய்யத் தொடங்கினார்கள். ஐம்பது அறுபது ஆண்டுகள் அதை வைத்தே பிழைத்தார்கள். உருவுக்கு ஊரின் பெயரும் ஒட்டிக்கொண்டது. நம் மாங்காய்க்கு அயலூர்ப் பெயரா என்று வருந்திப் பயனில்லை. பெய்ஸ்லி இருக்கும் நாட்டைப் பற்றி வேறொரு கேள்வி கேட்கலாம். இன்றும் சுமார் 55 லட்சம் பேரே வாழும் நாடு அது. பொருளியலில் ஆடம் ஸ்மித், தத்துவத்தில் டேவிட் ஹியூம், நீராவி எந்திரத்தில் ஜேம்ஸ் வாட், பாட்டில் ராபர்ட் பர்ன்ஸ், மின்காந்த இயலில் மேக்ஸ்வெல், பெனிசிலினில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் என்று எந்தத் துறையைத் தொட்டாலும் அந்நாட்டார் ஒருவர் எதிர்ப்படுகிறார். இது எப்படி? அந்த மண்ணின் வாகு அப்படி என்பார்கள். தறி தெரிந்தவர்களுக்கு இந்தப் பதில் போதாது. சேலை நன்றாக வந்திருந்தால் அவர்கள் முந்தியை மட்டும் பார்க்கமாட்டார்கள். திருப்பிப் போட்டு, இழை எப்படி ஓடியிருக்கிறது என்றும் பார்ப்பார்கள்.

திருப்பிப் பார்க்க வசதியாக, தறியோடும் ஆலையோடும் தொடர்புள்ள ஸ்காட்லாந்துக்காரர்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். அமெரிக்கப் பறவையியலின் தந்தை என்று போற்றப்படும் அலெக்சாண்டர் வில்சன் 1766இல் பெய்ஸ்லியில் பிறந்த நெசவாளர். ஆலை முதலாளி ஒருவரைச் சாடிப் பாட்டெழுதிச் சிறைக்குப் போனார், எழுதியதைத் தம் கையாலேயே தெருவில் எரிக்க வைக்கப்பட்டார், பிறகு 1794இல் கப்பலேறினார். அதே ஊர் ராபர்ட் டன்னஹில் கடைசிவரை தறியை விடாமல் பாட்டுக் கட்டியவர். ஆப்பிரிக்காவின் உட்பகுதிகளில் பயணம் செய்த டேவிட் லிவிங்ஸ்டன் பத்து வயதில் பிளான்டயர் பஞ்சாலையில் அறுந்த நூலை ஒட்டும் வேலைக்குப் போனார். முதல் கூலியில் லத்தீன் இலக்கணம் வாங்கி, நூற்பு எந்திரத்தின் மேல் வைத்துப் போகவர ஒவ்வொரு வாக்கியமாகப் படித்தார். நைஜீரியாவின் கலபாரில் பணிசெய்த மேரி ஸ்லெஸர் டண்டியில் சணல் ஆலைத் தறியில் நின்றவர். ‘மைண்ட்’ என்னும் தத்துவ இதழை 1876இல் தொடங்கிய அலெக்சாண்டர் பெய்ன் அபர்டீனில் ஒரு நெசவாளரின் மகன்; பதினொரு வயதில் பள்ளியை விட்டுத் தாமும் தறியில் உட்கார்ந்தார். எஃகு வணிகத்தில் பெரும்பொருள் சேர்த்த ஆண்ட்ரு கார்னகியின் தந்தை டன்ஃபர்ம்லினில் கைத்தறிக்காரர். நீராவித் தறி வந்து பிழைப்பைக் கெடுத்ததால் 1848இல் குடும்பத்தோடு அமெரிக்கா போனவர். பறவை, பாட்டு, பயணம், தொண்டு, தத்துவம், எஃகு எனத் துறைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. ஒரே மாதிரி மூளை இத்தனை இடங்களில் வேலை செய்தது என்பதை நம்பக் கடினமாக இருக்கிறது. ஒரே மாதிரி ஏற்பாடு இவர்கள் அனைவருக்கும் அடியில் இருந்தது என்பதை எளிதாக நம்பலாம்.

அந்த ஏற்பாட்டைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஒவ்வொரு திருச்சபை வட்டத்திலும் ஒரு பள்ளி, அதற்கொரு வாத்தியார், அவர் சம்பளத்துக்கு நிலக்காரர்கள் பொறுப்பு என்று 1696இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் சட்டம் செய்தது. பைபிளை அவரவரே படிக்கவேண்டும் என்பது நோக்கம். படிக்கத் தெரிந்த கண் பைபிளோடு நிற்கவில்லை. 1761இல் ஃபென்விக் என்ற சிற்றூரில் நெசவாளர்கள் கூடி, தரம் தாழ்த்தி நெய்வதில்லை, நியாயமான விலையே கேட்பது என்று கையெழுத்திட்டுச் சங்கம் வைத்தார்கள். சில ஆண்டுகளில் ஓட்ஸ் மாவை மொத்தமாக வாங்கி உறுப்பினருக்கு மலிவாகக் கொடுத்தார்கள். பின்னர் நூலகமும் வைத்தார்கள். கூட்டுறவின் பிறப்பிடம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் ராச்டேல் சங்கம் 1844இல்தான் வந்தது. டன்ஃபர்ம்லினில் கார்னகியின் தந்தையும் சில நெசவாளர்களும் கையிலிருந்த கொஞ்சம் புத்தகங்களைச் சேர்த்து இரவல் நூலகம் தொடங்கினார்கள். மகன் பின்னாளில் உலகெங்கும் கட்டிக்கொடுத்த 2,500க்கு மேற்பட்ட நூலகங்களுக்கு விதை அதுவே. இதை விளக்கப் பெய்ஸ்லித் தறியிலேயே ஓர் உவமை கிடைக்கிறது. பல வண்ண ஊடைகளால், அதாவது குறுக்கிழைகளால், நெய்யும் சால்வையில், அந்த வண்ணங்களைப் பாவோடு, அதாவது நெடுக்கிழையோடு, பிணைக்க நடுநடுவே ஒரு மெல்லிய ஊடையும் ஓட்டுவார்கள். அதற்கு அவர்கள் பேச்சில் ‘ஸ்மா ஷாட்’ என்று பெயர், சின்ன ஊடை. சால்வையின் முகத்தில் அது தெரியாது. அது இல்லாவிட்டால் சால்வை பிரிந்துபோகும். தெரியாத இழைக்குக் கூலி எதற்கு என்று முதலாளிகள் அதற்குக் காசு தரமறுத்தார்கள். வில்சனும் லிவிங்ஸ்டனும் வண்ண இழைகள். பள்ளியும் சங்கமும் இரவல் நூலகமும் சின்ன ஊடை.

இதற்கு முதல் மறுப்பு நம் நாட்டிலிருந்தே வரும், வரவேண்டியதும்கூட. 1707இல் இங்கிலாந்தோடு இணைந்தபின் ஸ்காட்லாந்துக்குப் பேரரசின் கதவு திறந்தது, நம் செல்வத்தில் ஏறி நின்றுதானே அவர்கள் உயரமாகத் தெரிந்தார்கள் என்று கேட்கலாம். பாதி உண்மை. கிளாஸ்கோ வணிகரின் மகன் தாமஸ் மன்றோ 1780இல் காலாட்படையின் பயிற்சி அதிகாரியாகச் சென்னையில் இறங்கி, பாராமகால் பகுதியில் வரி வசூல் பார்த்து, 1820இல் சென்னை ஆளுநர் ஆனார். லூயிஸ் தீவிலிருந்து வந்த காலின் மெக்கன்சி 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனார். அவர் சேர்த்த சுவடிகளில் ஒரு பகுதி சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. ஊர் ஊராய்ப் போய் அவற்றைத் திரட்டியதிலும் மொழிபெயர்த்ததிலும் பெரும் பங்கு காவலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா சகோதரர்களுடையது. தொகுப்புக்குப் பெயர் மெக்கன்சி தொகுப்பு. மாங்காய்க்கு நேர்ந்தது இங்கும் நேர்ந்தது. ஆக, அவர்கள் புகழின் சின்ன ஊடையில் நம்மவர் உழைப்பும் ஓடியிருக்கிறது, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பேரரசு வேலையைக் கொடுத்தது, வேலைக்கு ஆள் தயாராக இருந்ததற்குக் காரணம் வேறு. டன்னஹில்லுக்கும் பெய்னுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றும் செய்யவில்லை. பெய்ஸ்லி சால்வை பெயரெடுத்துக்கொண்டிருந்த காலத்தில், 1813இல், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சாட்சி சொன்ன மன்றோவே, ஏழு ஆண்டு போர்த்திய இந்தியச் சால்வையில் தேய்மானம் அதிகம் தெரியவில்லை, ஐரோப்பியச் சால்வையை இனாமாகக் கொடுத்தாலும் போர்த்தமாட்டேன் என்ற பொருளில் பேசினார். கைத்திறனில் நாம் பின்தங்கியிருக்கவில்லை என்பதற்கு எதிர்முகாமிலிருந்தே கிடைத்த சான்று இது.

இரண்டாவது மறுப்பு வரலாற்றாசிரியர்களுடையது. ஸ்காட்லாந்தின் எழுத்தறிவு பெருமையாகப் பேசப்பட்ட அளவுக்கு இல்லை, வட இங்கிலாந்தும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருந்தது, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி எட்டவில்லை என்று அவர்களில் சிலர் காட்டியிருக்கிறார்கள். சரி, பள்ளி மட்டுமே காரணம் என்று சொன்னால் இந்த மறுப்பில் வாதம் அடிபட்டுப்போகும். நம் ஊர்க் கணக்கும் அதையே சொல்கிறது. மன்றோ 1822இல் சென்னை மாகாணம் முழுக்கப் பள்ளிக் கணக்கு எடுக்கச் சொன்னார். 1826இல் வந்த தொகை 12,498 பள்ளிகள், ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒன்று. அண்மைக் காலம்வரை ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இருந்த நிலையைவிட இது மேல் என்று அவரே எழுதினார். குறைக்குக் காரணமாக மக்களின் வறுமையையும் அரசின் பாராமுகத்தையும் சொன்னார். இங்கும் திண்ணைப் பள்ளி இருந்தது, இங்கும் பெண்கள் வெளியே நின்றார்கள். தாலுகாதோறும் பள்ளி என்று அவர் போட்ட திட்டம், 1827இல் அவர் காலராவில் இறந்தபின் வாடிப்போயிற்று. வேறுபாடு பள்ளியின் எண்ணிக்கையில் இல்லை. பள்ளியை விட்டபின் தறிக்குழியில் உட்கார்ந்த ஆளுக்குப் படிக்க ஒரு புத்தகமும், பேச ஒரு சங்கமும், யாரும் சுருட்டிக்கொண்டு போக முடியாத கொஞ்சம் காசும் இருந்ததா என்பதில்தான் இருக்கிறது. பதினொரு வயதில் பள்ளியை விட்ட பெய்னைத் தத்துவத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது பள்ளிக்குப் பிந்திய படிப்பு.

மூன்றாவது மறுப்பு தறிக்காரர் வீட்டுக்குள்ளிருந்து வரும்: பெயரெடுத்தவர்கள் எல்லோரும் தறியை விட்டுப் போனவர்கள்தானே, பெயர் வேண்டுமானால் தறியை விடு என்பதுதானே பாடம்? ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் பிள்ளையை நெசவில் வைக்க விரும்பாத பெற்றோரைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. டன்னஹில் தறியிலேயே இருந்தார், 35 வயதில் நீரில் விழுந்து உயிரை விட்டார் என்பதையும் மறைக்கக்கூடாது. கார்னகி நூலகம் கட்டினார். அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலையில் 1892இல் வேலைநிறுத்தத்தை ரத்தம் சிந்தி ஒடுக்கினார்கள். பெயர் ஒருவரை நல்லவராக்குவதில்லை, தறி ஒருவரைச் சிறியவராக்குவதும் இல்லை. நான் சொல்வது இவ்வளவே: போகிறவர் விரும்பிப் போகவேண்டும், இருக்கிறவர் கதியில்லாமல் இருக்கக்கூடாது. பக்கத்துக் காஞ்சிபுரத்தில் 1909இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாதுரை, நகராட்சியில் எழுத்தராக வேலை பார்த்துவிட்டு, ஒரு வள்ளலின் அறக்கட்டளையில் எழுந்த பச்சையப்பன் கல்லூரியில் படித்து, எழுத்திலும் மேடையிலும் பெயர் பெற்று முதலமைச்சர் ஆனார். அடியில் ஊடை ஓடினால் இங்கும் வண்ணம் மேலே தெரியும் என்பதற்கு வேறு சான்று தேடவேண்டியதில்லை.

இன்று ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. மாங்காயின் பெயரைப் போல ஆரணியின் பெயரும் கைமாறிப் போகாமல் அது காக்கும்; நல்லதுதான். ஆனால் அது ஊரின் பெயரைக் காக்கும், ஊருக்குள் இருக்கும் ஆளின் பெயரைச் சொல்லாது. கூலி நெசவில் சேலைக்கு இத்தனை ரூபாய் என்று ஒரே தொகை பேசுகிறோம். தார் சுற்றும் மனைவி, இழை பிணைக்கும் தாய், பாவு தோயத் தெருவில் வந்து நிற்கும் உறவுக்காரர்கள் எல்லோரும் அந்தத் தொகைக்குள் மறைந்துபோகிறார்கள். சங்கமும் கடைக்காரரும் கூலிச் சீட்டில் அவர்கள் வேலைக்கென்று தனியாக ஒரு வரி எழுதட்டும். நெசவாளர் தெருவில் ஒரு படிப்பகம் மாலையில் திறந்திருக்கட்டும். பெரிய மனிதர்கள் தாமாக வருவார்கள், வராவிட்டாலும் நட்டமில்லை. பெய்ஸ்லி நெசவாளர்கள் பல ஆண்டுகள் போராடி, 1856இல் சின்ன ஊடைக்கும் கூலி வாங்கினார்கள். அந்தச் சால்வைத் தொழில் அடங்கி நூறு ஆண்டுக்கு மேலாகிறது. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை முதல் சனிக்கிழமை, மேளம் கொட்டி, அந்தக் கூலி வாங்கிய நாளை ஊர் கொண்டாடுகிறது.