32-வது செகண்ட்

பி.காம் படிக்கிறவனுக்கு டெலிபோன் சர்வர்ல என்ன வேலைன்னு நீங்க கேக்குறது காதுல விழுது. எங்க ஊர்ல கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்த பையன்னா அவன் டிவி ரிமோட்டுல இருந்து தண்ணி மோட்டார் வரைக்கும் சரி பண்ணணும் :-)

மேட்டருக்கு வருவோம். பேராவூரணியில எங்க மாமாவுக்குத் தேங்காய் மண்டி. கொப்பரை காங்கேயத்துக்குப் போகும், அங்க ஒரு சின்ன ஆபீஸ். ரெண்டுக்கும் நடுவுல பேச, மண்டி மூலையில ஒரு பழைய கம்ப்யூட்டர்ல ஆஸ்டரிஸ்க் ஓடுது. இன்டர்நெட் வழியா ரெண்டு ஊரு போனையும் இன்டர்காம் மாதிரி சேத்து வைக்கிற மென்பொருள். இலவசம். இதை எழுதினவரு மார்க் ஸ்பென்சர். 1999-ல அமெரிக்காவுல ஆபர்ன் பல்கலைக்கழகத்துல படிச்சுக்கிட்டே லினக்ஸ் உதவி கம்பெனி ஒண்ணு ஆரம்பிச்சாரு. ஆபீசுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வாங்கக் காசு பத்தலை, தானே எழுதிட்டாரு. (செலவுக் கணக்கு பாக்குறதுல இருந்து எவ்வளவு பெரிய விஷயம் பொறக்குது பாருங்க. காமர்ஸ் வாழ்க!)

போன மாசம் மண்டியில பிரச்சினை. காங்கேயத்துல இருந்து போன் வரும், எடுத்தா அந்தப் பக்கம் பேசுறது கேக்காது. கொஞ்ச நேரத்துல கட் ஆயிடும். லோடு ஏத்தின லாரி நிக்குது, விலை முடிவாகலை. மாமாவுக்குக் கோவம் முழுக்க போன் பாக்குற அக்கா மேல. "அந்தப் பொண்ணு பேசுறதுக்கு அலுத்துக்கிட்டு வச்சிடுது மாப்ள, மாசக் கடைசியோட நிப்பாட்டிடப் போறேன்"னு சொல்லிட்டாரு. அக்கா என்கிட்ட "நான் வைக்கலை தம்பி, அதுவா கட் ஆவுது"ன்னு மட்டும் சொன்னாங்க. அவங்க வீட்டுல அந்தச் சம்பளம் ஒண்ணுதான்.

ஆஸ்டரிஸ்க் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வரி கணக்கு எழுதும். அழகான நாட்குறிப்பேடு மாதிரி இருக்கும். யாரு கூப்பிட்டா, எப்போ எடுத்தாங்க, எடுத்த பிறகு எத்தனை செகண்ட். அதை அப்படியே எக்செல்ல திறந்தேன். மண்டிக்குள்ளேயே பேசினதெல்லாம் 14, 205, 61ன்னு கலந்து கெடக்கு. காங்கேயத்துல இருந்து வந்தது மட்டும் 32, 32, 32, 31, 32... 31க்குக் கீழயும் இல்ல, 32க்கு மேலயும் இல்ல. அலுத்துப்போய் போனை வைக்கிற மனுசி இப்படி ஸ்டாப்வாட்ச் வச்சுக்கிட்டா வைப்பாங்க?

இந்த 32 எங்க இருந்து வருதுன்னு தேடினேன். இந்த போன்கள் பேசிக்கிற சிப் நெறிமுறையோட 2002-ம் வருஷ வரையறையிலயே இருக்கு. ஒருத்தர் போனை எடுத்ததும் சர்வர் "எடுத்தாச்சு"ன்னு சேதி அனுப்பும். எதிர்ப்பக்கம் "சரி, கெடைச்சுது"ன்னு பதில் போடணும். பதில் வரலைன்னா அரை செகண்ட் கழிச்சு மறுபடி அனுப்பும், அப்புறம் ஒரு செகண்ட், ரெண்டு, நாலுன்னு இடைவெளி விட்டு அனுப்பிக்கிட்டே இருக்கும். அரை செகண்டோட 64 மடங்கு, அதாவது 32 செகண்ட் பாத்துட்டு "இது தேறாது"ன்னு அதுவே கட் பண்ணிடும்.

அப்போ அந்தப் பதில் எங்கதான் போகுது? எங்க பக்கத்துக்காரங்களுக்கு இது சுலபமா புரியும். கல்லணையில தண்ணி திறந்தாச்சுன்னு பேப்பர்ல வரும், கடைமடையில நாம வாய்க்காலைப் பாத்துக்கிட்டு நிப்போம். நடுவுல எந்த மதகுன்னுதான் தேடணும். முதல்ல ரௌட்டர்ல பாத்தேன். சேதி வர்ற 5060-ம், குரல் வர்ற 10000-ல இருந்து 20000 வரைக்கும் உள்ள போர்ட்டுகளும் திறந்துதான் இருக்கு. அடுத்து, ரௌட்டருக்குக் கெடைச்ச முகவரி 100.64-ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிக்குதான்னு பாத்தேன். அப்படி இருந்தா பல வீட்டுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கு போட்டுக் குடுத்திருக்காங்கன்னு அர்த்தம், நாம எந்த மதகைத் திறந்தாலும் பிரயோஜனம் இல்ல. நல்லவேளை, அதுவும் இல்ல.

கடைசியா சிப் லாகரை ஆன் பண்ணி, சேதிகளை வரி வரியா படிச்சேன். சர்வர் காங்கேயத்துக்கு அனுப்புற சேதிக்குள்ள "பதிலை இங்க போடு, குரலை இங்க அனுப்பு"ன்னு ஒரு முகவரி எழுதுது. அது நம்ம முகவரியே இல்ல! ரெண்டு மாசம் முன்னாடி மண்டியில பழைய கனெக்‌ஷனை எடுத்துட்டு ஃபைபர் மாத்தியிருக்காங்க. பொது முகவரி மாறிடுச்சு. பெட்டியை முதல்ல அமைச்சுக் குடுத்தவரு பழைய எண்ணை அமைப்புக் கோப்புல கையால எழுதிட்டுப் போயிருக்காரு. காங்கேயத்து போன் பேர் வச்சுத் தேடி வந்துடும், பேர் புது முகவரிக்குத்தான் போகும், அதனால மணி ஒழுங்கா அடிக்குது. ஆனா அவங்க குரலும் அந்த "சரி"யும் பழைய எண்ணுக்குப் போய் வீணாகுது. வீடு மாத்தினவன் பழைய விலாசத்தையே கல்யாணப் பத்திரிகையில அடிச்ச கதை.

சிக்னலுக்கு ஒண்ணு, குரலுக்கு ஒண்ணுன்னு ரெண்டு வரியிலயும் புது முகவரி போட்டேன். இந்த மாற்றத்துக்குச் சும்மா ரீலோட் போதாது, ஆஸ்டரிஸ்க்கையே நிறுத்தி ஏத்தணும். (பழைய புத்தகங்கள்ல இருக்குற "நேட் எஸ்" வைத்தியம் எல்லாம் 2023-ல வந்த 21-ம் பதிப்போட போச்சு, பழைய சிப் டிரைவரையே தூக்கிட்டாங்க. அதைப் பாத்து நேரத்தை வீணாக்காதீங்க.) முகவரி திரும்ப மாறாம இருக்க நிலையான எண் ஒண்ணு வருஷக் கட்டணம் கட்டி வாங்கச் சொன்னேன். மாமா முணுமுணுத்துக்கிட்டே கட்டினாரு.

முதல் அழைப்பு ஏழு நிமிசம் ஓடுச்சு. அதைவிட எனக்கு முக்கியம், எக்செல் தாளைப் பிரின்ட் எடுத்து மாமா மேசையில வச்சதுதான். 32-களைச் சிவப்பு மையில வட்டம் போட்டிருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாரு. ஒண்ணும் சொல்லலை. சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டு, "அடுத்த மாச லோடு கணக்கையும் நீயே பாத்துக்கம்மா"ன்னாரு. சம்பளம் ஏத்தினாரான்னு கேக்காதீங்க, மாமா மாமாதான்.

இன்னொண்ணு. 5060-ஐ வெளியில திறந்து வச்சா, உலகம் முழுக்க இருந்து கள்ளத்தனமா நம்பர் போட்டுப் பாக்குற புரோகிராம்கள் வந்துக்கிட்டே இருக்கும். லாக்ல பாத்தா ராத்திரி மூணு மணிக்கும் எவனோ 100, 101, 102ன்னு தட்டிக்கிட்டே இருக்கான். அக்காவோட எக்ஸ்டென்ஷன் 101, பாஸ்வேர்டும் 101. அன்னிக்கே அதை மாத்திட்டு, காங்கேயத்து முகவரியை மட்டும் உள்ள விடுற மாதிரி ஃபயர்வாலும் போட்டுட்டுத்தான் கடைசி பஸ்ஸைப் பிடிச்சேன்.