வட்டுக்கோட்டை வளவு

யாழ்ப்பாண நகரிலிருந்து காரைநகர்ப் பக்கமாகப் போகிற வழியில் இருக்கிறது வட்டுக்கோட்டை. வெளியூரார் பலருக்கு இந்தப் பெயர் தனித் தமிழீழம் கோரிய 1976ஆம் ஆண்டுத் தீர்மானத்தால்தான் தெரியும். அதற்கு நூற்றைம்பது ஆண்டுகள் முன்பே இந்த ஊர், ‘பற்றிக்கோட்டா’ என்ற பெயரில் அமெரிக்க மிஷன் இதழ்களில் அடிபட்டது. ஒரு பழைய தேவாலயமும் அதை ஒட்டிய வளவுமே காரணம்.

தேவாலயத்தின் தொடக்கம் போர்த்துக்கேயர் காலத்தில். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் அதைத் தமதாக்கிக்கொண்டனர். ஒல்லாந்தப் போதகர் பல்தேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில் யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களின் படங்கள் உண்டு. அவற்றுள் வட்டுக்கோட்டையும் ஒன்று. ஒல்லாந்தர் ஆட்சி போனதும் கவனிக்க ஆளில்லாமல் கட்டடம் பாழடைந்தது. 1816இல் அமெரிக்கப் பாதிரிமார் வந்தபோது மிஞ்சியிருந்தவை தடித்த சுவர்களே.

அமெரிக்கர் ஏன் இந்த ஒதுக்குப்புறத்துக்கு வந்தார்கள்? 1812இல் பிரிட்டனும் அமெரிக்காவும் போரில் இறங்கியிருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவில் அமெரிக்கரைச் சந்தேகத்தோடு பார்த்தது. இலங்கை ஆளுநர் பிரவுன்ரிக்கோ யாழ்ப்பாணத்தில் இடம் தந்தார். பாதிரிமாருள் டானியல் பூவர் தெல்லிப்பழைக்குப் போனார். மெய்க்ஸும் ரிச்சர்ட்ஸும் வட்டுக்கோட்டையைத் திருத்திக் குடியேறினர். ஊர்களில் சிறு பள்ளிக்கூடங்கள் முளைத்தன. பிள்ளைகளை விடுதியில் சேர்ப்பதுதான் பெரும்பாடு. கிறிஸ்தவர் வளவில் சமைத்த சோற்றை வெள்ளாளப் பிள்ளைகள் தொடமாட்டார்கள். வெளியே சைவர் ஒருவரின் நிலத்தில், அவர்கள் ஏற்கும் சமையற்காரரைக் கொண்டு சமைப்பித்துத்தான் பூவர் பள்ளியை நடத்தினார். சாதியை உடைக்க வந்தவர்கள் அடுப்படியிலேயே அதோடு சமரசம் செய்துகொண்டனர். அதற்காக அவர்களைக் குறை சொல்வது எளிது. விட்டுக்கொடுத்திராவிட்டால் பள்ளிக்கூடமே இருந்திராது என்பதும் உண்மை.

1823இல் அந்தப் பள்ளிகளில் தேறிய மாணவரை ஒன்றுசேர்த்து, பூவரைத் தலைவராகக் கொண்டு, வட்டுக்கோட்டையில் உயர்கல்வி தொடங்கியது. பாதிரிமார் போட்ட திட்டம் ஒரு கல்லூரிக்கானது. குடியேற்ற அரசின் அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே ‘செமினரி’ என்ற பெயரோடு அமைந்தார்கள். ஆனால் பாடத்திட்டத்தில் அடக்கம் கிடையாது. ஆங்கிலம், தமிழ் இலக்கியம், கணிதம், வானியல், தத்துவம், சிலருக்குச் சமஸ்கிருதம், இன்னும் சிலருக்கு எபிரேயம், கிரேக்கம், லத்தீன். குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ற் பின்னாளில் இதை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிட்டு எழுதினார். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அமெரிக்கரைப் பற்றி இப்படி எழுதியது சாதாரணமல்ல.

பூவருக்குப் பிடித்த ஆயுதம் வானியல். 1829இல் ஒரு சந்திர கிரகணம் வந்தது. அராலிப் பஞ்சாங்கக்காரர் கணித்த நேரமும் செமினரி கணித்த நேரமும் ஒத்துப்போகவில்லை. கால் மணி நேர அளவு வித்தியாசம். பூவர் அதை ஊரறியச் செய்து, நிலவு எழும் வரை காத்திருந்தார். கிரகணம் செமினரியின் கணக்குப்படியே பிடித்தது. புராணத்துப் பூகோளம் இத்தோடு சரிந்துவிடும், அதன் பின்னால் சைவமும் சரியும் என்பது அவர் எதிர்பார்ப்பு. யாழ்ப்பாணத்தார் கணக்கை ஏற்றுக்கொண்டார்கள். கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. பூவருக்குப் பின் தலைவரான ஹொய்சிங்டனின் கதை இன்னும் சுவையானது. சைவத்தை மறுக்க வேண்டுமானால் முதலில் படிக்க வேண்டும் என்று இறங்கி, சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அமெரிக்காவில் அச்சேற்றினார்.

இந்த வளவிலிருந்து வெளியேறியவர்களைப் பாருங்கள். 1841இல் தொடங்கிய ‘உதயதாரகை’யின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் செமினரித் தமிழர்களே, அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பிய கொடையாளிகள் மாணவருக்குப் பெயரும் சூட்டியதால் வந்த பெயர்கள் அவை. ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, ‘நியாய இலக்கணம்’ எழுதிய நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, தமிழில் வீசகணிதம் எழுதிய கறோல் விசுவநாதபிள்ளை எல்லோரும் இங்கே படித்தவர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவர்: ஒருவர் விசுவநாதபிள்ளை, மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. பின்னவர் வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை என்று ஏடுகளில் கிடந்தவற்றை அச்சுக்குக் கொண்டுவந்தார். பாஸ்டனிலிருந்த மிஷன் சபை அனுப்பிய பணத்தில் ஒரு பங்கு, கடைசியில் சங்க இலக்கியப் பதிப்பில் போய்ச் சேர்ந்தது! தாமோதரம்பிள்ளை சைவராகவே மறைந்தார்.

பாஸ்டனில் இருந்தவர்கள் இதற்காகப் பெருமைப்படவில்லை. மிஷன் சபையின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் 1855இல் நேரில் வந்தார். ஆங்கிலம் படித்தவன் போதகனாவதை விட அரசாங்க உத்தியோகத்தையே தேடுகிறான், கிராமத்துக்குத் தேவை தாய்மொழியில் பிரசங்கம் செய்பவர்களே என்பது அவர் முடிவு. செமினரி மூடப்பட்டது. அவருடைய அளவுகோலை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான், அளவுகோல்தான் குறுகியது. பூவர் அதே ஆண்டின் தொடக்கத்தில் மானிப்பாயில் வாந்திபேதியில் இறந்திருந்தார்.

மூடியதை ஊர் ஏற்றுக்கொள்ளவில்லை. பழைய மாணவர்கள் விடாமல் கேட்டனர்; 1872இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. முதல் தலைவர் ஹேஸ்டிங்ஸ் பாதிரியார். 1823இல் மறுக்கப்பட்ட பெயர் இப்போது தடையின்றிக் கிடைத்தது. பட்டப்படிப்பு வகுப்புகளும் பின்னர் நடந்தன. 1920களில் இங்கே கற்பித்த ஹண்டி பேரின்பநாயகமும் மாணவர்களும் தொடங்கிய வாலிபர் காங்கிரஸ் காந்தியையே யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தது.

1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பட்டபோது, கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவை அரசு எடுத்துக்கொண்டது. இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான வகுப்புகள் முதலில் நடந்தது வட்டுக்கோட்டையில்தான். 1947இலிருந்து பழைய தேவாலயம் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துப் பேராலயம். யாழ்ப்பாணக் கல்லூரி, பெயரில் கல்லூரியாகவே இருந்துகொண்டு, ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமாக நடக்கிறது.