நாற்பது துளைகள்

2022ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, ஒரு சைக்கிளின் பின் சில்லுக்கு வேண்டிய றிம், ரயர், ரியூப், ஒரு கட்டுக் கம்பி ஆகியவற்றை வாங்குவதற்காக நாம் சுன்னாகத்துக்குப் போயிருந்தோம். நடந்துதான் போனோம். அக்கிழமை எமது மோட்டார் சைக்கிளுக்கு அளக்கப்பட்ட பெற்றோல் வியாழக்கிழமையே தீர்ந்துவிட்டது. வாங்கப் போன சில்லு எமதன்று; எம்மிடம் கணிதம் படிக்கும் மாணவி ஒருத்தியின் சைக்கிளுக்குரியது.

அவள் பத்து நாட்களாகப் பாடசாலைக்கு வரவில்லை. காய்ச்சலாக்கும் என்று முதலில் எண்ணினோம். அந்நாட்களில் வராத பிள்ளைகள் பலர். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் இருந்தது. எல்லாக் காரணங்களும் இறுதியில் ஒரே இடத்தில்தான் போய் முடிந்தன. ஏப்ரல் மாதத்தில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்தது. 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாவாயிற்று. யூன் மாதக் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி மற்றையோருக்குப் பெற்றோல் விற்பதையே நிறுத்தினார்கள். அதுவரை காரிலும் மோட்டார் சைக்கிளிலும் திரிந்தவர்களெல்லாம் சைக்கிளைத் தேடலாயினர். சைக்கிளின் விலை சில மாதங்களில் இரு மடங்கைத் தாண்டியது. உத்தியோகத்தர் சைக்கிளுக்கு இறங்கினார். சைக்கிளில் இருந்தவர் காலுக்கு இறங்கினார். காலுக்குக் கீழே இறங்குவதற்கு இடமில்லாதவர்கள் வீட்டில் இருந்துவிட்டார்கள். எமது மாணவி அந்தக் கடைசி வகுப்பைச் சேர்ந்தவள். அவளுடைய வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையில் ஆறு கிலோமீற்றர்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். சைக்கிள் வேலியோரம் தலைகீழாகக் கிடந்தது. உப்புக் காற்றும் செம்மண் சேறும் பல்லாண்டுகளாக அரித்த பின் றிம், இரண்டு கம்பிகளின் அடியில் கிழிந்து போயிருந்தது. சந்தைக்குக் கொண்டுபோன வெங்காய மூட்டையின் பாரத்தில் அது நடந்ததாம். பழைய ராலி, அவளுடைய பாட்டனார் வாங்கியது. தாயார் அதன் சரித்திரத்தை ஒரு குடும்பத்து மனிதரின் சரித்திரத்தைப் போலச் சொன்னார்.

அந்தச் சரித்திரம் யாழ்ப்பாணத்தில் பல சைக்கிள்களுக்குப் பொதுவானது. 1990இல் மீண்டும் யுத்தம் மூண்டு, மின்சாரம் போய், எரிபொருளுக்கும் பற்றரிக்கும் தடை விழுந்தபோது குடாநாட்டில் ஓடியது சைக்கிள்தான். விறகும், நோயாளியும், பிணமும் அதில்தான் போயின. மாலை வேளைகளில் சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தி ஒருவர் பெடலை மிதிக்க, டைனமோவிலிருந்து வயரிழுத்து வானொலிக்குக் கொடுத்து, அயலவரெல்லாம் சூழ்ந்திருந்து பி.பி.சி. தமிழோசை கேட்டோம். மிதிப்பவர் களைத்தால் செய்தியும் களைக்கும். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்த இரவில், நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் நின்ற சைக்கிள்களுள் இந்த ராலியும் ஒன்று. கரியரில் அரிசிப் பை, பாரில் பாட்டியார். அதில் ஏறி ஓட ஓர் அடி இடமில்லை, விடியும்வரை உருட்டினார்களாம்.

அந்தப் பின் சில்லு அத்தனை பாரத்தையும் தாங்கிற்று. ஒரு புதிய றிம் வாங்கும் காசைத்தான் அதனால் தாங்க முடியவில்லை. தாயார் கூலிக்கு வெங்காயத் தோட்டங்களுக்குப் போகிறவர். சில்லுக்கு வேண்டிய சாமான்களின் விலை அவருடைய பத்து நாட் கூலிக்கு மேல். நாம் வாங்கித் தருகிறோம் என்றபோது அவர் முகம் மாறியது. "கடனெண்டால் வாங்கித் தாருங்கோ மாஸ்ரர். வெங்காயம் கிண்டினவுடனை தந்திடுவன்" என்றார். சரியென்றோம். தருமம் செய்யும் மகிழ்ச்சியை அவர் எமக்கு அனுமதிக்கவில்லை. அது நல்லதாயிற்று என்பது பின்னர் விளங்கியது.

முதற் கடையில் 28 அங்குல றிம் இல்லை. "கப்பல் வரேல்லை" என்றார்கள். இரண்டாவது கடையில் ஒன்றே ஒன்று இருந்தது. காலையில் சொன்ன விலை மத்தியானத்துக்குச் செல்லாத காலமது; பேரம் பேசும் வழக்கமே மறந்து போயிருந்தது. ரயரைத் தட்டிப் பார்த்தோம், ரியூப்பின் வால்வைத் திருகிப் பார்த்தோம், றிம்மின் பளபளப்பைப் பார்த்துத் தலையாட்டினோம். விற்ற பொருள் மீள எடுக்கப்படமாட்டாது என்று பற்றுச்சீட்டின் அடியில் அச்சிட்டிருந்தது. அதையும் வாசித்தோம். பார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் பார்க்கவில்லை.

றிம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினோம். 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சாதியக் கொடுமைக்கு எதிராக ஒடுக்கப்பட்ட மக்களும் இடதுசாரிகளும் யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது இந்தச் சுன்னாகத்திலிருந்துதான். அதே ஆண்டில் மல்லிகையைத் தொடங்கிய டொமினிக் ஜீவா சலூன் தொழிலாளியாக இருந்துகொண்டே, இதழ்க் கட்டைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு வாசகரைத் தேடிப் போனவர். இந்தக் கதைகளை வகுப்பறையில் நாம் அடிக்கடி சொல்லியிருக்கிறோம். தோளில் றிம்மோடு வீதியில் நடந்தபோதோ, தெரிந்தவர் எவரும் எதிரே வந்துவிடக் கூடாதே என்ற கூச்சமும் கூடவே நடந்தது. வெட்கத்தை மறைக்காமல் எழுதிவிடுகிறோம்.

எமது ஊர்ச் சந்தியில் ஒரு சைக்கிள் திருத்தும் கடை. தகரக் கொட்டில், முன்னால் தண்ணீர்ச் சட்டி, வளையில் பழைய ரயர்கள். இருபது ஆண்டுகளாக அங்கே சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் விட்டு எடுத்திருக்கிறோம். ஒருநாளும் உள்ளே இருந்ததில்லை. விட்டுவிட்டுப் போவோம், ஆயத்தமானதும் வந்து எடுப்போம். கடைக்காரர் எமது பழைய மாணவர். அன்று அவர் றிம்மை வாங்கிப் பார்த்தார். பெருவிரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு மெல்லச் சொன்னார்:

"சேர், இது முப்பத்தாறு ஓட்டை. உங்கடை ஹப் நாற்பது."

பழைய ஆங்கிலச் சைக்கிள்களில் முன் சில்லுக்கு 32 கம்பி, பாரம் தாங்கும் பின் சில்லுக்கு 40 கம்பி. இது யாழ்ப்பாணத்துச் சிறுவர்களுக்கும் தெரிந்த கணக்கு. முப்பது ஆண்டுகளாகக் கணிதம் கற்பிக்கும் நாம் றிம்மின் துளைகளை எண்ணாமல் வாங்கி வந்திருந்தோம்.

அந்த வேளையில்தான் அது நினைவுக்கு வந்தது. 1994ஆம் ஆண்டு, பெருக்கல் வாய்ப்பாடு தடுமாறிய ஒரு சிறுவனை வகுப்பில் எழுப்பி நிறுத்தி, "உனக்கேன் கணக்கு? நீ சைக்கிள் கடையிலை ரியூப் ஒட்டத்தான் சரி" என்று சொன்னோம். வகுப்புச் சிரித்தது. அடுத்த ஆண்டு இடப்பெயர்வு. அதன்பின் அச்சிறுவன் பாடசாலைக்குத் திரும்பவில்லை. அதற்கு நாம் காரணமல்லோம், யுத்தமே காரணம் என்று எமக்கு நாமே சொல்லிக்கொள்ள இடமுண்டு. ஆனால் அந்த வசைக்கு யுத்தம் பொறுப்பல்ல. ஆசிரியர் பலர் இன்றும் அதே வசையைத்தான் வகுப்பறைகளில் வழங்குகின்றனர். உழைக்கும் வர்க்கத்தைப் பற்றி மேடையில் ஒரு தமிழும், கரும்பலகைக்கு முன்னால் இன்னொரு தமிழும் பேசுவது எமது கல்விமான்களுக்குப் பழகிப்போன வித்தை. நாமும் அதில் தேர்ந்தவர்களே. அவர் அந்த வார்த்தையை நினைவில் வைத்திருக்கிறாரா என்பதை இன்றுவரை அறியோம். கேட்கும் துணிவு வரவில்லை.

றிம்மைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. புது ஹப் வாங்கக் காசுமில்லை. "பிரச்சினையில்லை சேர். தடைக்காலத்திலை இதைவிட மோசமானதுகளைக் கட்டின சில்லுகள் கிடக்கு. பின்னேரம் வாங்கோ" என்றார். இம்முறை நாம் போகவில்லை. மரப்பெட்டியொன்றை இழுத்துப்போட்டு இருந்துவிட்டோம்.

அவர் முதலில் ஹப்பைக் கழற்றினார். அச்சின் இரு பக்கத்துக் கோனையும் திறந்து, பக்கத்துக்கு ஒன்பதாகப் பதினெட்டுக் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிச் சீலையில் பரப்பினார். தேய்ந்தவை மூன்று. வேறு குண்டு கொடுத்தார். கிறீஸ் பூசி மூடினார். பின்னர் நாற்பது துளை ஹப்பை முப்பத்தாறு துளை றிம்முக்குள் வைத்துக் கம்பி கோக்கத் தொடங்கினார். ஹப்பின் ஒவ்வொரு விளிம்பிலும் இருபது துளை. எதிரெதிரான இரண்டை வெறுமையாக விட்டார். மிஞ்சியவை பதினெட்டு, இரு பக்கமும் சேர முப்பத்தாறு. அவ்வளவு எளிதா என்று வியந்தோம். "இல்லை சேர், இனித்தான் பாடு" என்று, நாம் வாங்கி வந்த கம்பிக் கட்டைப் பிரித்துவிட்டு, ஒரு பால்மா ரின்னிலிருந்த பழைய கம்பிகளைக் கொட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பாடு என்னவென்று கடதாசியில் கணக்கிட்டோம். இருபது துளையுள்ள விளிம்பில் துளைக்குத் துளை 18 பாகை. றிம்மில் ஒரு பக்கத்துக்குரிய பதினெட்டுத் துளைகளுக்கிடையில் 20 பாகை. ஆகவே ஒவ்வொரு கம்பியும் முந்தியதைவிட இரண்டு பாகை விலகும். வெறுமைத் துளையை நெருங்க நெருங்க விலகல் கூடும். எட்டுப் பாகை வரை போகும். அதனால் எல்லாக் கம்பியும் ஒரே நீளமாக இருக்க முடியாது; சில மில்லிமீற்றர் கூடியும் குறைந்தும் வேண்டும். நாம் இதைக் கண்டுபிடித்துத் தலைநிமிர்ந்தபோது அவர் நீளமான கம்பிகளையும் கட்டையான கம்பிகளையும் விரலாலேயே தெரிந்து, உரிய துளைகளில் பாதிக்கு மேல் கோத்து முடித்திருந்தார். கடதாசியைக் காட்டினோம். பார்த்தார். "ஓம் சேர், உப்பிடித்தான் வரும்" என்றார். பாகை என்ற சொல்லை அவர் மறந்திருக்கலாம். பாகை அவரை மறக்கவில்லை.

பின்னர் நெளிவு எடுத்தல். சில்லை முள்ளில் பூட்டி, சுழலவிட்டு, றிம்மின் ஓரத்தில் சுண்ணக்கட்டியைப் பிடிப்பார். எங்கே வெள்ளை படுகிறதோ அங்கே நெளிவு. ஒரு பக்க நிப்பிளைக் கால் சுற்று இறுக்குவார், மறுபக்கத்தை இளக்குவார். கம்பிகளைச் சுண்டிக் காதால் கேட்பார். ஒரு மணித்தியாலம் சென்றது.

அந்த நேரத்தில் ரயரை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். 1888இல் டன்லொப் காற்றடைத்த ரயரைக் கண்டார். அடுத்த பத்தாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் மோகம் பெருகியது; அதன் மறுபக்கம் லியோபோல்ட் மன்னனின் கொங்கோவில் இருந்தது. இறப்பர்ப் பால் குறைந்ததென்று கைகளை வெட்டினார்கள். பிரேசிலிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட விதைகளின் நாற்றுக்கள் 1876இலேயே இலங்கையின் ஹெனரத்கொடையில் நாட்டப்பட்டிருந்தன. பின்பு களுத்துறையிலும் கேகாலையிலும் மலைச்சரிவுகள் இறப்பர்க் காடாயின. அங்கே விடியுமுன் பால்வெட்டப் போன தமிழ்த் தொழிலாளரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. நான்கு ஆண்டு கழித்து, 1952இல், அவர்களும் சிங்களத் தொழிலாளரும் வெட்டிய பாலைச் சீனாவுக்குக் கொடுத்து நாடு அரிசி வாங்கி உண்டது. எமது ஊர்ச் சந்தியில் ஒரு ரயரை மடியில் வைத்திருப்பவனுக்கு இத்தனை கைகளும் தெரிவதில்லை. வடக்கில் நாம் அந்தக் கைகளைப் பற்றி அதிகம் பேசியவர்களுமல்லோம்.

ரயரை ஏற்றியதும் அவர் பம்பை எம்மிடம் தந்தார். காற்றடித்தோம். கூலி எவ்வளவென்று கேட்டதற்கு, றிம் மாறிப்போன நட்டத்துக்குள் தன்னுடையதையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். அதற்கு நாம் இசையவில்லை. சற்றுநேரம் இழுபட்டு, நியாயமான ஒரு தொகையை வாங்கிக்கொண்டார். "ஒரு கிழமை ஓடினாப் பிறகு கொண்டுவரச் சொல்லுங்கோ. கம்பி இளகும். திருப்பி இறுக்கவேணும்" என்றார்.

திங்கட்கிழமை அவள் பாடசாலைக்கு வந்தாள். இடைவேளையில் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் போய், எவரும் பாராத வேளையில் குனிந்து, ஹப்பில் வெறுமையாயிருந்த நான்கு துளைகளையும் எண்ணினோம். அடுத்த மாதம் தாயார் சிறு நோட்டுக்களாக முதற் தவணையைக் கொண்டுவந்து தந்தார். எண்ணிப் பாருங்கோ என்றார், எண்ணிப் பார்த்தோம்.

ஒரு கிழமை ஓடிய பின் சனிக்கிழமை அவளும் நாமும் கடைக்குப் போனோம். அவர் நிப்பிள் சாவியை முதலில் அவளிடம் கொடுத்து எப்படிப் பிடிப்பதென்று காட்டினார். அவள் நான்கைந்து கம்பிகளை இறுக்கினாள். சுண்ணக்கட்டி பட்ட இடம் குறைந்தது. பின்பு சாவி எம்மிடம் வந்தது. நாம் இறுக்கிய கம்பியைச் சுண்டிப் பார்த்தார். சத்தம் மற்றவற்றைவிடக் கீச்சென்று கேட்டது. சிரித்துக்கொண்டே சாவியை வாங்கி, கால் சுற்று இளக்கிவிட்டார்.