பனியாறு தொடாத மண்ணில் ஒரு ஜனவரி நாள்

விஸ்கான்சின் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், மிசிசிப்பி ஆற்றை ஒட்டிக் கிடக்கிறது வெர்னான் கவுன்டி. பனியூழியில் வட அமெரிக்காவின் வடபாதியை அரைத்துச் சமமாக்கிய பனியாறுகள் இந்த வட்டாரத்தை மட்டும் தொடாமல் விலகிப் போயின. அதனால் சுற்றுப்புறமெல்லாம் தட்டையாக இருக்க, இங்கே மட்டும் குன்றும் பள்ளத்தாக்குமாக நிலம் மடிந்து கிடக்கிறது. நான்கு மாநிலங்களில் பரவியிருக்கும் இந்தப் பகுதிக்கு ‘டிரிஃப்ட்லெஸ்’ என்று பெயர். சாலை ஒரு முகட்டில் ஏறுகிறது, அடுத்த பள்ளத்தில் இறங்குகிறது; வளைவுக்கு வளைவு ஒரு சிவப்புக் கொட்டகையும் தீவனக் கோபுரமும் தென்படுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர்கள் இங்கே புகையிலை பயிரிட்டார்கள், மாடு வளர்த்தார்கள். இன்று மிஞ்சியிருப்பது மாடுதான்.

ஒரு ஜனவரி மாதத்தில் அப்படியொரு பால்பண்ணை வீட்டுக்கு விருந்தாளியாகப் போய்ச் சேர்ந்தார் ஒரு பயணி. எட்டுப் பிள்ளைகள் உள்ள வீடு. மூத்தவளுக்குப் பதினேழு வயது. கடைக்குட்டி இன்னும் தவழ்கிறது. எட்டுப் பேரில் ஒருவரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அவர்களின் படிப்பு முழுக்க வீட்டிலேதான்.

காலை ஐந்து மணிக்கு வெளியே மைனஸ் 24 டிகிரி. ஏழரைக்குத்தான் சூரியன் எழும். பின்கட்டில் விறகடுப்பைச் சுற்றிக் கையுறைகளும் கம்பளிக் காலுறைகளும் கொடியில் காய்கின்றன. கீழே பெரிதும் சிறிதுமாக பூட்ஸ் வரிசை. பயணிக்கு ஒரு ஜோடி பூட்ஸும் தடித்த முழு அங்கியும் எடுத்துக் கொடுத்த பதினொரு வயதுப் பெண், வெளியே இறங்குமுன் ஒரு விதியையும் சொல்லிக் கொடுத்தாள். “குளிர்ல மூக்கு மரத்துப்போனா நமக்கே தெரியாது. அதனால நாங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்குவோம். வெள்ளையா திட்டு தெரிஞ்சா உடனே சொல்லணும். நீங்களும் என் முகத்தைப் பார்த்துட்டே வாங்க.”

கொட்டகைக் கதவைத் திறந்ததும் வெதுவெதுப்பான ஆவி முகத்தில் அடிக்கிறது. உள்ளே கணப்பு எதுவும் கிடையாது. ஐம்பது ஜெர்சி மாடுகளும் அவற்றின் வயிறுகளுமே கணப்பு. மாட்டின் உடல் வெப்பம் 38.5 டிகிரிக்கு அருகில். முதல் இரைப்பையில் புல் புளித்துச் செரிக்கும்போது சூடும் பிறக்கிறது. மேல்தளத்தில் அடுக்கிய உலர்புல் கட்டுகள் அந்தச் சூட்டை வெளியேற விடாமல் காக்கின்றன. குளிர் கூடினால் மாடு கூடுதலாகத் தின்னும், தின்றால்தான் சூடு. ஆகவே பனிக்காலத்தில் தீவனம் தள்ளுவதுதான் முதல் வேலை, அது பதினைந்து வயதுப் பையனின் பொறுப்பு. அப்பாவும் மூத்தவளும் கறவை இயந்திரங்களை ஒவ்வொரு மாடாக நகர்த்துகிறார்கள். பத்து வயதுக்காரன் மடியைத் துடைத்துவிட்டு முன்னே போகிறான். கறந்து முடிந்ததும் காம்பில் ஈரம் நிற்கக் கூடாது. ஈரக் காம்போடு மாடு வெளிக்காற்றில் நின்றால் தோல் வெடித்துவிடும். வெடித்த காம்பில் மடிநோய் புகும். இந்தப் பண்ணையின் பால் இயற்கை வேளாண் சான்று பெற்றது. ஆன்டிபயாடிக் கொடுத்த மாட்டின் பாலை இயற்கைப் பால் என்று இங்கே விற்க முடியாது. ஆகவே ஒரு துணியால் ஒழுங்காகத் துடைப்பது அந்தப் பையனின் கையில் இருக்கும் பெரிய காரியம். அதை அவன் அறிந்தே செய்கிறான்.

அன்று விடியலில் ஒரு மாடு கன்று போட்டிருந்தது. நனைந்த கன்றுக்கு இந்தக் குளிரில் முதலில் உறைவது காது நுனி. பதினொரு வயதுப் பெண்ணும் அவளுக்கு மூத்த பதின்மூன்று வயதுப் பையனும் துண்டுகளால் அதைத் தேய்த்துத் தேய்த்துக் காயவைத்தார்கள், கன்றுகளுக்கென்றே தைத்த மெத்தை அங்கியை மாட்டிவிட்டார்கள். அடுத்து சீம்பால். பெண் ஒரு துளியைச் சிறு கருவியின் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை வைத்துப் பாலின் அடர்த்தியைச் சொல்லும் பிரிக்ஸ் மானி அது. 22-க்கு மேல் காட்டினால் நல்ல சீம்பால். அன்று 24 காட்டியது. பையன் நாடாவால் கன்றின் மார்பைச் சுற்றி அளந்தான்: எடை 26 கிலோ. எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் ஊட்டு, அதாவது 2.6 லிட்டர். மனக்கணக்காகவே சொன்னான்.

எதற்கு இத்தனை அவசரம் என்று பயணி கேட்டார். அந்தப் பெண் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தபடியே விளக்கினாள். மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் கருப்பையிலேயே நஞ்சுக்கொடி வழியாகக் கிடைத்துவிடும். கன்றுக்குக் கிடைக்காது. சீம்பாலில் மட்டும்தான் அவை வரும். குடல் அவற்றை அப்படியே உள்ளே விடுவது முதல் இருபத்துநான்கு மணி நேரம் வரைதான். அதிலும் மணிக்கு மணி வாசல் குறுகிக்கொண்டே போகும். “போன வருஷம் ஒண்ணுக்கு லேட்டா கொடுத்தோம். பொழைக்கல,” என்றாள். ஒளிவிலகல், விழுக்காடு, நோய் எதிர்ப்பு என்று மூன்று பாடங்கள் ஒரே கால் மணி நேரத்தில் நடந்து முடிந்தன. பரீட்சைத்தாள் எதுவும் இல்லை. ஆனால் தப்பாகக் கற்றால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அந்த வீட்டில் பார்த்த எல்லாவற்றையும்விடப் பயணியின் மனதில் ஆழமாகப் பதிந்தது இதுதான். அங்கே ஒவ்வொரு பிள்ளையும் தேவைப்படுகிறது. ஒருநாள் ஏதோ ஆகப்போவதற்காக அல்ல, இன்று காலையே தேவைப்படுகிறது. ஏழு வயதுக்காரி தண்ணீர்த் தொட்டியின் பனி ஏட்டைத் தட்டி உடைக்க மறந்தால் கிடேரிகள் தாகத்தோடு நிற்கும். அவள் மறப்பதில்லை. வகுப்பறையில் எவ்வளவு நல்ல ஆசிரியர் இருந்தாலும் இந்த ஒன்றைக் கொடுப்பது கடினம்.

எட்டரைக்குக் காலை உணவு: ஓட்ஸ் கஞ்சி, முட்டை, முந்தின நாள் சுட்ட லெஃப்ஸே. உருளைக்கிழங்கு மாவில் சப்பாத்தி போல மெல்லியதாகத் திரட்டிச் சுடும் நார்வே ரொட்டி அது. வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டித் தின்கிறார்கள். ஒன்பதரைக்கு அதே மேசை பள்ளிக்கூடம் ஆகிறது. நடுப்பிள்ளைகள் சாக்சன் கணிதப் புத்தகத்தில் ஆளுக்கொரு பாடத்தில் இருக்கிறார்கள். மூத்தவள் மாடிப்படியில் உட்கார்ந்து வேதியியல் படிக்கிறாள். கால்நடை மருத்துவம் அவள் ஆசை. அம்மா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு வரலாற்று அத்தியாயத்தை உரக்க வாசிக்கிறார், ஒரே ஒருமுறை. வாசித்ததும் ஒரு பிள்ளை எழுந்து அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். சார்லட் மேசன் என்ற ஆங்கிலக் கல்வியாளர் நூறாண்டுக்கு முன் வகுத்த முறை. ஒருமுறைதான் கேட்கக் கிடைக்கும் என்று தெரிந்தால் பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும் என்பது அவர் நம்பிக்கை. எட்டு வயதுப் பையன் சொன்னபோது இரண்டு மன்னர்கள் இடம் மாறிப்போனார்கள். பத்து வயதுக்காரன் குறுக்கே புகுந்து திருத்தினான்.

மதியத்துக்குப் பின் எல்லோரும் கிளம்பிப் போனது பக்கத்திலிருந்த ஒரு பழைய வட்டக் கொட்டகைக்கு. வெர்னான் கவுன்டிக்கு வட்டக் கொட்டகைகளால் ஒரு தனிப் புகழ் உண்டு. இவற்றில் பலவற்றைக் கட்டியவர் ஆல்கா ஷிவர்ஸ் என்ற கறுப்பினத் தச்சர். ஹில்ஸ்பரோ ஊருக்கு அருகே, செயேன் பள்ளத்தாக்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நிலம் வாங்கிக் குடியேறிய கறுப்பினக் குடும்பங்களின் வழிவந்தவர். வெள்ளையர் பண்ணைகளுக்கும் அவரே கொட்டகை கட்டிக் கொடுத்தார். ஏன் வட்டம் என்பதுதான் அன்றைய கணக்கு. பிள்ளைகள் கயிற்றால் அளந்தார்கள். விட்டம் 60 அடி. அப்படியானால் சுவரின் நீளம் 188 அடிக்குச் சற்று மேல். உள்ளே 2,827 சதுர அடி. அதே நீளச் சுவரைச் சதுரமாகக் கட்டினால் 2,220 சதுர அடிதான் கிடைக்கும். ஒரே அளவு பலகைக்கு அறுநூறு சதுர அடி லாபம். காற்று மோதித் தள்ள மூலையும் இல்லை. பதின்மூன்று வயதுக்காரன் சுவரில் சாய்ந்து வெகுநேரம் கூரையின் மரச்சட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். வளைந்த சுவருக்கு நேர்ப்பலகையை எப்படிப் பொருத்தினார் என்பது அவன் கேள்வி. அங்கிருந்த பெரியவர்கள் யாருக்கும் விடை தெரியவில்லை. நூலகத்தில் தேட வேண்டிய பட்டியலில் அது சேர்ந்தது.

திரும்பும்போது பனி தூறத் தொடங்கியது. குளிர் மைனஸ் 15-க்குத் தணிந்திருந்தது. நட்சத்திர வடிவப் படிகங்கள் செழித்து வளர்வதற்கு மேகத்தில் ஏறக்குறைய அதே வெப்பநிலைதான் வேண்டும். பதினொரு வயதுப் பெண் கறுப்பு வெல்வெட் துணி ஒட்டிய அட்டையை எடுத்து வந்து நீட்டினாள், உருப்பெருக்கிக் கண்ணாடி கை மாறியது. இதை அவர்கள் கற்றது வில்சன் பென்ட்லியிடமிருந்து. வெர்மான்ட் மாநிலத்தின் ஜெரிகோ ஊரில் பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். ஆசிரியையாக இருந்த தாயிடமே பதினான்கு வயதுவரை வீட்டில் படித்தார். தாய் கொடுத்த நுண்ணோக்கியில் தொடங்கி, 1885 ஜனவரி 15 அன்று ஒற்றைப் பனிப்படிகத்தை முதன்முதலாகப் படம் பிடித்தார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகங்களைப் படமெடுத்தார், பண்ணையிலிருந்துகொண்டே.

இப்படியொரு வீட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக் கல்வியைப் புகழ்வது எளிது. அதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமல்ல.

விஸ்கான்சினில் வீட்டுக் கல்வியை முறைப்படுத்திய சட்டம் 1984-இல் வந்தது. பெற்றோர் ஆண்டுதோறும் ஒரு படிவத்தை நிரப்பிக் கல்வித் துறைக்கு அனுப்ப வேண்டும். வாசிப்பு, மொழி, கணிதம், சமூகவியல், அறிவியல், உடல்நலம் ஆகிய ஆறு பாடங்களை ஆண்டுக்குக் குறைந்தது 875 மணி நேரம் கற்பிக்க வேண்டும். அவ்வளவுதான். தேர்வு கிடையாது, பெற்றோருக்குக் கல்வித் தகுதி வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, யாரும் வந்து பார்ப்பதும் கிடையாது. நியூயார்க்கில் காலாண்டு அறிக்கை கேட்கிறார்கள். பென்சில்வேனியாவில் பிள்ளையின் வேலைகளைத் தொகுத்துக் காட்ட வேண்டும். கன்றுக்குச் சீம்பால் ஊட்டும் இந்தப் பெண்ணுக்குச் சுதந்திரம் தரும் அதே சட்டம், எதுவுமே கற்பிக்கப்படாத ஒரு வீட்டையும் மூடி மறைக்க முடியும். 1999-இல் அமெரிக்கா முழுவதும் வீட்டில் படித்தவர்கள் எட்டரை லட்சம். 2012-க்குள் பதினேழு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். இத்தனை பேரில் எல்லோருக்கும் இந்தத் தாயைப் போன்ற தாய் வாய்த்திருப்பார் என்று எண்ணிவிட முடியாது.

பிள்ளையின் படிப்பை முடிவு செய்வது பெற்றோரா அரசா என்ற கேள்வி நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை போனதும் இதே விஸ்கான்சினிலிருந்துதான். நியூ கிளாரஸ் ஊரில் எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளை அனுப்ப மறுத்த மூன்று தகப்பன்மாருக்கு ஆளுக்கு ஐந்து டாலர் அபராதம் விதித்தார்கள். ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தின் வழியில் வாழ்ந்தவர்கள். 1972 மே 15 அன்று அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. நீதிபதி வில்லியம் டக்ளஸ் மட்டும் ஓர் இடத்தில் முரண்பட்டார்: பெற்றோர் கேட்கிறார்கள் சரி, அந்தப் பிள்ளைகளைக் கேட்டீர்களா? அவர் கேட்ட கேள்வி இன்றும் உயிரோடிருக்கிறது. பயணி தங்கிய வீட்டின் பதினைந்து வயதுப் பையனுக்குக் கூடைப்பந்து அணியில் ஆட ஆசை. பயணியிடம் தனியாக அதைச் சொன்னான். பெற்றோருக்கும் அது தெரியும். கறவை நேரத்தையும் பயிற்சி நேரத்தையும் எப்படி ஒத்துப்போகவைப்பது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மாவின் நாள் நான்கரைக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடிகிறது. பால் விலையை மட்டும் நம்பி இந்தக் குடும்பம் ஓடவில்லை. அப்பா குளிர்காலத்தில் ஊராட்சியின் பனி அகற்றும் லாரியையும் ஓட்டுகிறார். 2004-இல் விஸ்கான்சினில் ஏறத்தாழ 16,000 பால்பண்ணைகள் இருந்தன. இருபதே ஆண்டுகளில் ஆறாயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இந்த வட்டாரத்துச் சிறு பண்ணைகள் பல இன்னும் தாக்குப்பிடிக்க ஒரு காரணம், 1988-இல் லா ஃபார்ஜ் என்ற சிற்றூரில் சில விவசாயிகள் தொடங்கிய கூட்டுறவு. முதலில் காய்கறி, பிறகு பால். இன்று ‘ஆர்கானிக் வேலி’ என்ற பெயரில் நாடு முழுவதும் விற்கிறது. பண்ணை போனால் இந்தப் பள்ளிக்கூடமும் போகும். பிள்ளைகளைத் தேவைப்படுபவர்களாக ஆக்கும் வேலைகள் எல்லாம் அந்த ஐம்பது மாடுகளோடு கட்டுண்டவை.

மாலை ஐந்துக்கு மறுபடி கறவை. இருட்டு ஏற்கெனவே கவிந்துவிட்டது. விடியலில் பிறந்த கன்று நான்கு காலில் நின்று, எட்டு வயதுக்காரனின் கையுறையைச் சப்பிக்கொண்டிருந்தது. இரவு உணவுக்கு மான் இறைச்சி சூப், நவம்பர் வேட்டையில் கிடைத்தது.

பாத்திரங்கள் கழுவி முடிந்ததும் அம்மா ஒரு நீளக் குறிப்பேட்டைத் திறந்தார். 875 மணி நேரக் கணக்கை யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. ஆனாலும் அன்றன்று எழுதி வைக்கிறார். வட்டக் கொட்டகை கணிதத்தில் சேர்ந்தது, ஆல்கா ஷிவர்ஸ் சமூகவியலில். சீம்பால் அறிவியலா உடல்நலமா என்று ஒரு விவாதம் எழுந்தது. பதினொரு வயதுப் பெண் அறிவியல் என்றே சாதித்தாள். காலையில் வாசற்பனி அள்ளிய நாற்பது நிமிடத்தையும் உடல்நலத்தில் எழுத வேண்டும் என்று பத்து வயதுக்காரன் கேட்டான். அது வேலை, படிப்பு அல்ல என்றார் அம்மா. அப்படியென்றால் கன்றுக்கு ஊட்டியது மட்டும் எப்படிப் படிப்பு ஆகும் என்று அவன் விடவில்லை. அவர் பேனாவைப் பிடித்தபடி சற்று யோசித்துவிட்டு, அவனுக்காக இருபது நிமிடம் எழுதிக்கொண்டார்.